மரபணுவைத் திருத்துவது கடவுளின் வேலையில் கைவைப்பதா?

மரபணுத் திருத்தமும் குளோனிங்கும் இயற்கைக்கு விரோதமான பாவம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பிறவி வருத்தக்காரர் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். இல்லாதிருப்பது நல்லதுதான், கோபிக்க வேண்டாம்.

மனிதனை அப்படியே நகலெடுக்கும் குளோனிங் எனக்கும் வேண்டாம். 1996இல் டோலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது 277 முயற்சிகளில் தப்பிய ஒன்றாகத்தான். மனிதப் பிள்ளையில் அந்தக் கணக்கை யார் பார்ப்பது?

பழுதான மரபணுவைத் திருத்துவது அப்படியல்ல. என் அக்கா மகனுக்குத் தலசீமியா, உடம்பு போதிய நல்ல இரத்தத்தை உண்டாக்காத பிறவி வருத்தம். மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு சேரும் இரும்பு இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்ற, சின்ன வயதில் வயிற்றுத் தோலில் ஊசியைக் குத்தி, பம்பைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் படுப்பான். இப்போது குளிசை. இரத்தம் ஏற்ற நரம்பு பிடிபடாமல் நேர்ஸ் மிஸ் மாறி மாறிக் குத்தும்போது, "மாமா, நீங்க வெளியில நில்லுங்கோ" என்பான். என் முகத்தைப் பார்த்தால் அவனுக்குக் கூடுதலாக நோகுமாம்.

2023 நவம்பரில் பிரிட்டன் இந்த வருத்தத்துக்கும் காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையை அனுமதித்தது. இரத்தத்தை உண்டாக்கும் நோயாளியின் சொந்த மூல உயிரணுக்களை எடுத்து, கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினை (ஒட்சிசனைச் சுமக்கும் இரத்தப் புரதத்தை)த் திரும்பச் சுரக்கும்படி திருத்தி, அவருக்கே ஏற்றுகிறார்கள். அதற்கு முன் கடுமையான கீமோ உண்டு, பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டொலர். எனக்கு அநியாயமாகப் படுவது அந்த விலை. இந்தத் திருத்தம் நோயாளியின் உடம்போடு முடிந்துவிடும், அவர் பிள்ளைகளுக்குப் போகாது. 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் கருவையே திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்தாரே, அது தலைமுறைக்கும் போவது. அவருக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது சரிதான். இரண்டையும் ஒரே பாவத்தில் சேர்க்காதீர்கள்.

நான் நாத்திகன் என்று எழுத வருபவர்களுக்கு: கோணேசர் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகிறவன் நான். அங்கேதான் ஒரு அம்மா என் அக்காவிடம், "முற்பிறப்புக் கணக்கு, பிள்ளை கழிக்குது" என்றார். அத்தானின் சொந்தங்களோ எல்லாம் அக்காவின் இரத்தக் குற்றம் என்றார்கள். தாய் தகப்பன் இரண்டு பேரும் காவிகளாக, அதாவது தங்களுக்கு வருத்தம் இல்லாமலே பழுதான மரபணுவைச் சுமப்பவர்களாக, இருந்தால்தான், அதுவும் நாலுக்கு ஒரு வாய்ப்பில், இந்த வருத்தம் வரும். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கல்யாணம் பேசும்போது குறிப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று சாத்திரியாரிடம் ஓடுவார்கள். ஒரு இரத்தப் பரிசோதனை செய்வோமா என்றால், "எங்கட பிள்ளைக்கு வருத்தம் எண்டு சொல்லுறீங்களோ?" என்று சண்டைக்கு வருவார்கள். பாவ புண்ணியம் பேசுகிறவர்கள் முதலில் அதைப் பேசட்டும்.

பேச்செடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் ஒரு அமெரிக்க நிறுவனம் சாம்பல் ஓநாயின் மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, அழிந்துபோன ஓநாய் இனத்தை மீட்டுவிட்டதாக அறிவித்தது. சரி, மீட்கட்டும். இங்கே பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் உயிரோடு இருக்கும்போதே ரோட்டோரத்தில் பொலித்தீனை மென்றுகொண்டு நிற்கின்றன. திருகோணமலைக்குச் சுற்றுலா வருகிறவர்களே, சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீட்டைக் கண்ட இடத்தில் எறியாதீர்கள். மானோடு படம் எடுக்க பிஸ்கட்டும் நீட்டாதீர்கள்.