சீனப் பெண் கவிஞர் சியூ ஜின் ஏன் தூக்கிலிடாமல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்? அவர் செய்த குற்றம் என்ன?

சீனாவை அப்போது ஆண்டது சிங் அரச வம்சம். 1907 வாக்கில் அவர்கள் ஆட்சியில் ராஜத்துரோகத்துக்கு வழக்கமான தண்டனையே சிரச்சேதம்தான். குற்றம், அரசைக் கவிழ்க்கச் சதி செய்தது. அது பொய்க் குற்றச்சாட்டும் அல்ல.

1875-இல் பிறந்தவர். பெற்றோர் பார்த்துவைத்த பணக்காரக் கணவரோடு மனம் ஒட்டவில்லை. 1904-இல் நகைகளை விற்று, கணவரையும் இரு குழந்தைகளையும் விட்டுவிட்டு டோக்கியோவுக்குப் படிக்கப் போனார். பாதம் சிறுத்திருக்க வேண்டுமென்று அக்காலச் சீன வழக்கப்படி இறுகக் கட்டப்பட்டிருந்த பாதங்களை அவிழ்த்தார், ஆண் உடை அணிந்தார், வாள் பழகினார். சிங் ஆட்சியை எதிர்த்த தலைவர் சுன் யாட் சென்னின் புரட்சி அமைப்பிலும் சேர்ந்தார்.

நாடு திரும்பி 1907-இல் ஷாங்காயில் பெண்களுக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். எளிய பேச்சுநடையில் எழுதினார். படிக்காத பெண்களுக்கும் வாசித்துக் காட்டலாம் அல்லவா! இரண்டு இதழ்களோடு அது நின்றுபோனது. பிறகு ஷாவோசிங் நகரில் தாதோங் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். வெளியே பள்ளிக்கூடம், உள்ளே ஆயுதப் பயிற்சி.

கூட்டாளி சூ சிலின் 1907 ஜூலையில் அன்ஹுய் மாகாண ஆளுநரைச் சுட்டுக்கொன்று பிடிபட்டதும் கிளர்ச்சித் திட்டம் அம்பலமானது. எச்சரிக்கை வந்தும் சியூ ஜின் ஓடவில்லை. ஜூலை 15 அன்று ஷாவோசிங்கில் பொது இடத்திலேயே தலையை வெட்டினார்கள். வயது 31.

அரசுக்கு இது பெரிய தப்புக்கணக்கு என்பேன். ஒரு பெண்ணை இப்படிக் கொன்றதைப் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்தன. தோழிகள் இருவர் துணிந்து ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரையில் அவரை அடக்கம் செய்ய, அரசு அந்தக் கல்லறையையும் அகற்ற வைத்தது. 1912-இல் சிங் ஆட்சியே முடிந்தது. உடல் மறுபடி ஏரிக்கரைக்கு வந்தது.