வியாபாரப் பதிவு, டே கெயார் அனுமதி ஆகாது

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வீட்டிலேயே 11 பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை. பெரிய பிள்ளைகளுக்குக் காலையில் பாட்டு, எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். 'எல்லாப் பதிவையும் முடித்துத் தருகிறேன்' என்று ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. அவர் கொண்டுவரப்போவது பெரும்பாலும் வியாபாரப் பெயர்ப் பதிவு ஒன்றுதான். ஒரு வீட்டில் அதைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருந்தார்கள். அந்த அம்மா அதையே டே கெயார் லைசன்ஸ் என்று நம்பியிருந்தார். அதில் கடைப் பெயரும் முகவரியும் இருந்தன, பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தப் பதிவுகூட எல்லாருக்கும் தேவையில்லை. உங்கள் சொந்த முழுப்பெயரில் மட்டும் நடத்தினால் பதியவேண்டியதில்லை. முழுப்பெயர் என்றால் முழுப்பெயர். 'மழலைப் பூங்கா' என்று பலகை போட்டால் பதியத்தான் வேண்டும். உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லை ஒட்டினாலும் அப்படித்தான். அதையும் பிரதேச செயலகத்தில் நீங்களே செய்யலாம்.

சரி, உண்மையான வேலைக்கு வருவோம். நீங்கள் சொல்லிக்கொடுப்பது முன்பள்ளி. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாணங்களிடம் கொடுத்துவிட்டது. ஆகவே அந்தப் பதிவுக்குப் போகவேண்டிய இடம் கிழக்கு மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம். பராமரிப்புக்குப் பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒரே வீடு, அதே பிள்ளைகள், இரண்டு வாசல்! இதை ஒரே மேசையில் முடிக்க இத்தனை வருடமாகியும் யாருக்கும் மனம் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

எந்தத் தரகராலும் செய்ய முடியாத ஒன்று, உங்கள் வளவைச் சரிசெய்வது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் சமையலறை, மலசலகூடம், கிணறு மூன்றையும் பார்ப்பார். நம்முடைய மணல் நிலத்தில் மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்கு ஊறிவர அதிக நாள் எடுக்காது. கிணற்றுக் கட்டு முழங்கால் உயரம் என்றால் இன்றைக்கே உயர்த்தி, மேலே வலை மூடியும் போடுங்கள். மார்கழி மழையில் முற்றமும் கிணறும் ஒரே மட்டமாகிவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு எந்தக் கடிதமும் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

'மேலிடத்துக்குக் கொடுக்கவேண்டும்' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். முறைப்பாட்டுக்கு லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள். அரசாங்கக் கட்டணம் எதுவானாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள்.

பிரதேச செயலகத்துக்குப் பொதுமக்கள் தினத்தில் போங்கள், மற்ற நாட்களில் உத்தியோகத்தர் வெளிக்களத்தில் இருப்பார். விண்ணப்பத்தில் ஒரு போட்டோக் கொப்பி எடுத்துப்போய், அதில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். கோப்பைக் காணவில்லை என்று பிறகு சொன்னால் உங்கள் கையிலிருப்பது அது ஒன்றுதான்.