வாங்கும் முன்: பத்தடிக் கன்றும் பறிபோன மூவாயிரமும்

எதிர்வீட்டு மாடியில் நின்றால் எங்கள் சமையலறை தெரிகிறது. சீக்கிரம் வளர்ந்து, வருஷம் முழுக்க இலை நிற்கும் மரம் வேண்டும். நர்சரியில் பன்னிரண்டு அடி நெட்டிலிங்கம் ஒன்று 4,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? – தாம்பரம்

மரம் சரி, கன்று தப்பு. நெட்டிலிங்கம் அகலமாகப் படராது, நெட்டுக்கு ஓங்கும், மறைப்புக்கு நல்லது. பழம் பழுக்கும்போது வௌவால் வரும், காலையில் வாசலெல்லாம் கொட்டை கிடக்கும். அதைப் பெருக்கத் தயார் என்றால் வையுங்கள்.

ஆனால் பன்னிரண்டு அடிக் கன்று எதற்கு? இதே ஆசையில் நானும் ஏமாந்தவன். பத்தடிக் கன்று ஒன்றுக்கு 3,000 ரூபாய் கொடுத்தேன். மூன்றரை வருஷம் ஜோராக நின்றது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த அன்று சாய்ந்துவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தால் வேர் ஒரு குடம் அளவுக்குத்தான் இருந்தது, கயிற்றைச் சுற்றி வைத்தாற்போல. குழியில் இறக்கிய நாளில் கவருக்குள் எப்படிச் சுருண்டிருந்ததோ, அதே உருளை. வேர் மண்ணுக்குள் போகவே இல்லை!

சின்னக் கவரில் வருஷக்கணக்கில் நிற்கும் கன்றின் வேர், போக இடமில்லாமல் வட்டமடிக்கும். நட்ட பிறகும் அந்தப் பழக்கம் எளிதில் போகாது. மேலே பச்சைப்பசேல் என்று இருப்பதால் நாம் ஏமாறுகிறோம். ஆகவே கவரின் அடியைத் திருப்பிப் பாருங்கள். தடித்த வேர் வெளியே வந்திருந்தால் வேண்டாம். ஒரு கன்றையாவது கவரைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள். இரண்டு, மூன்று அடிக் கன்று போதும். வனத்துறை நாற்றங்காலில் விலையும் குறைவு. ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் நாலைந்து வருஷத்தில் எதிர்வீட்டு மாடி மறைந்துவிடும். அதுவரை ஜன்னலுக்குத் திரை போடுங்கள்.

காம்பவுண்ட் ஓரமாக நாற்பது கோனோகார்பஸ் வைக்கலாம் என்கிறார் நர்சரிக்காரர். – திருச்சி

வேண்டாம். குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் தடை போட்ட மரம் அது. அதை இன்னமும் விற்கிறவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் அசோக மரக்கன்று வாங்கினேன். வளர்ந்த பிறகு பார்த்தவர்கள் நெட்டிலிங்கம் என்கிறார்கள். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. – கோவை

உங்கள் மேல் தப்பே இல்லை. நெட்டிலிங்கத்தையும் ‘அசோகா’ என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள், அந்தக் குழப்பத்தில் காசு பார்க்கிறார்கள். நிஜ அசோகத்தில் ஒரே காம்பில் பல இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும், ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்கும். நெட்டிலிங்கத்துக்குத் தனித்தனி இலை, ஓரம் அலை அலையாக இருக்கும்.

விற்ற பக்கத்தில் ஆரஞ்சுப் பூவின் படம் போட்டிருந்தார்களா? அப்படியானால் அதுவே உங்கள் சாட்சி. ஸ்கிரீன்ஷாட், பில், இப்போதைய இலையின் படம் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். விற்றவர் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷக் கெடுவுக்குள் போக வேண்டும். உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

தெருவில் வேனில் வந்தவரிடம் இருபது கன்று வாங்கினோம். பில் இல்லை, போன் நம்பர் இல்லை. வேர் கலையக் கூடாதென்று கவரோடு நட்டோம். பதினொன்று பட்டுப்போய்விட்டன. யார் மீது புகார் கொடுப்பது? – விழுப்புரம்

கவரோடு நட்டவர் மீது. மிச்சம் ஒன்பதையாவது இன்றே தோண்டிக் கவரைக் கிழியுங்கள்.

வேகமாக வளரணும், இலை கொட்டக் கூடாது, வேர் பரவக் கூடாது, பூ மணக்கணும், தண்ணீரும் கேட்கக் கூடாது. எந்த மரம்? – சேலம்

பெயின்டரைக் கூப்பிட்டுச் சுவரில் வரையச் சொல்லுங்கள்.

மகிழ மரம் ஆசை. ரொம்ப மெதுவாக வளருமாமே? – கும்பகோணம்

ஆமாம், மெதுவாகத்தான் வளரும். வர்தாவில் காலியான என் குழியில் அடுத்த வருஷம் வைத்தது மகிழம்தான். 60 ரூபாய்க் கன்று, முழங்கால் உயரம். இப்போதுதான் மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கிறது.