தாடியஸ் ஸ்டீவன்ஸ்: வக்கீல் தொழிலிலிருந்து அமெரிக்கக் காங்கிரஸுக்கு

அமெரிக்காவில் அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ். அவர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வெர்மான்ட் மாநிலத்தில் 1792-இல் பிறந்த ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வக்கீலாகப் பேர் வாங்கினார். 1821-இல் அவர் நடத்திய ஒரு வழக்கு இன்று படித்தாலும் உறுத்துகிறது. அடிமை ஒருவரை ஆறு மாதம் தொடர்ந்து பென்சில்வேனியாவில் வைத்திருந்தால் அவர் விடுதலையாகிவிடுவார் என்பது அங்கே சட்டம். சாரிட்டி பட்லர் என்ற பெண் அதைக் காட்டி விடுதலை கேட்டார். ஸ்டீவன்ஸ் வாதாடியது எஜமானர் தரப்பில்! விட்டுவிட்டு வந்துபோன நாட்களைக் கூட்டிக் கணக்குக் காட்டக்கூடாது என்றார், ஜெயித்தும்விட்டார். பட்லரும் குழந்தைகளும் அடிமைகளாகவே திரும்பினார்கள். மனசு உறுத்தித்தான் பிறகு மாறினார் என்பார்கள். எனக்கு அது ஊகமாகவே படுகிறது.

அப்புறம் 1833-இல் மாநில சட்டமன்றம். இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்யப் பார்த்தபோது, 1835-இல் அவர் பேசிய பேச்சுதான் அதைக் காப்பாற்றியது. 1848-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வானார். நடுவே சில வருட இடைவெளி. அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களோடு வடக்கு மோதிய உள்நாட்டுப் போரின்போது, காங்கிரஸின் வரி, நிதிக் குழுவின் தலைவர் அவர்தான். போருக்குப் பணம் திரட்டும் சட்டங்கள் அவர் கை வழியாகவே போயின. அந்தக் கோபமோ என்னவோ, 1863-இல் தெற்குப் படை அவருடைய இரும்பு ஆலையைக் கொளுத்தியது.

போருக்குப் பின், விடுதலையான கறுப்பினத்தவருக்கும் குடியுரிமையும் சமமான சட்டப் பாதுகாப்பும் தந்த, அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்துக்காகப் போராடினார். 1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்கும் முயற்சியிலும் முன்னின்றார். செனட்டில் ஒரே ஓட்டில் அது தோற்றது. பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறித்து, விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் தரும் அவருடைய யோசனையை மட்டும் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியே ஏற்கவில்லை.