குறையே இல்லாத வாக்களிப்பு முறையை உருவாக்க முடியுமா?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்களை மக்கள் வரிசைப்படுத்தும் தேர்தலில் முடியாது. வாக்களிப்பு முறை என்பது பலருடைய விருப்பங்களை ஒரே முடிவாக மாற்றும் விதி. விதி மாறினால் முடிவும் மாறும்.

100 பேர் சுற்றுலா போக இடம் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 பேரின் வரிசை மலை, காடு, கடல். 35 பேருக்குக் கடல், காடு, மலை. மீதி 25 பேருக்குக் காடு, கடல், மலை.

முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் 40 வாக்குடன் மலை வெல்லும். ஆனால் 60 பேருக்கு அதுதான் கடைசி விருப்பம்! முதல் விருப்பமாக 25 வாக்கு மட்டும் பெற்றுக் கடைசியில் நிற்கும் காட்டை நீக்கி, அந்த 25 வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றினால் கடல் 60-40 என்று வெல்லும். ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் அவைத் தேர்தலில் நடப்பது இதுவே. இரண்டிரண்டாக மோதவிட்டால் காடு மலையை 60-40 என்றும், கடலை 65-35 என்றும் தோற்கடிக்கும். எண்ணியதில் பிழையே இல்லை, இருந்தும் வெற்றி மூன்று விதம்.

இந்த மோதல் முறையை 1785-இல் பிரெஞ்சு கணிதவியலாளர் கோந்தோர்சே முன்வைத்தார். அதிலும் சிக்கல் உண்டு: சில வேளை அ ஆ-வையும், ஆ இ-யையும், இ அ-வையும் வெல்ல, வெற்றியாளரே இல்லாமல் போகும். நியாயமான முறைக்குத் தேவை என்று தான் வகுத்த சில நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் வரிசை முறை கிடையாது என்று 1951-இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ நிறுவினார்.

“அப்படியானால் எல்லா முறையும் ஒன்றுதான்” என்று பலர் நினைப்பது தவறு. ஆரோ மறுத்தது முழுமையை மட்டுமே, 60 பேரின் கடைசி விருப்பத்தை வெல்லவைக்கும் விதியைவிட மேலான விதிகள் உண்டு.