ரோஜாவைத் தின்னும் வண்டுகள்: டெல்டா தோட்டக்காரர்களுக்குப் பதில்கள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டில் ரோஜா வைத்திருப்பவர்கள் வண்டுத் தொல்லை பற்றிக் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். மருந்துப் பெயர் மட்டும் போதும் என்று பாதிப்பேர் கேட்டிருக்கிறீர்கள். தின்றது யார் என்று தெரியாமல் நான் மருந்து சொல்வதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கும்பகோணம்: அண்ணா, கோடை மழை பெய்த மறுநாள் காலையில் பார்த்தால் பன்னீர் ரோஜா இலை எல்லாம் சல்லடை. சிலதில் நரம்பு மட்டும்தான் மிச்சம். செடியில் ஒரு பூச்சிகூட இல்லையே?

பகலில் தேடினால் எப்படியம்மா கிடைக்கும்? இருட்டின பிறகு ஏழரை, எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் சில வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று கீழே விழும், செத்ததுபோலக் கிடக்கும். கையில் எடுத்தால் காலில் உள்ள முள் தோலில் பிடிக்கும். செம்பழுப்பாக, கொஞ்சம் பெரிதாக இருந்தால் அது மண்ணுக்குள் வேரைத் தின்னும் வேர்ப்புழுவின் தாய் வண்டு. சிறியதாக, உடம்பெல்லாம் வெளிறிய ரோமத்தோடு இருந்தால் அதன் சொந்தக்கார வண்டு, இலையைச் சல்லடை ஆக்குவதில் இதுதான் கெட்டிக்காரன். இரண்டும் ராத்திரி தின்றுவிட்டு விடிவதற்குள் மண்ணுக்குள் போய்விடும். செடியடியில் இரண்டு விரல் ஆழம் கிளறினால் பகலிலும் அகப்படும்.

ஏன் மழைக்கு மறுநாள் என்றால், பெரிய வண்டு கோடை முழுக்க மண்ணுக்குள் சும்மா படுத்துக் கிடக்கும், சித்திரை வைகாசியில் முதல் நல்ல மழை இறங்கி மண் நனைந்தால்தான் கூட்டமாக வெளியே வரும். அந்த ஒரு வாரம் பத்து நாள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அகலமான டப்பாவில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளைக்கு அடியில் பிடித்து ஒரு தட்டு தட்டுங்கள், அதுவே வந்து விழும். பத்து செடி இருபது செடி வைத்திருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. சோம்பல்படுபவர்கள்தான் கடைக்கு ஓடுகிறார்கள்.

மன்னார்குடி: சார், வேப்பெண்ணெய் தவறாமல் அடிக்கிறேன். அப்படியும் தின்கிறது. எண்ணெய் போலியா?

எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம் இருந்தால் ராத்திரி அதன் கிளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தச் செம்பழுப்பு வண்டுக்கு வேப்பிலைதான் விருந்து, முருங்கையும் பிடிக்கும். ரோஜா அதற்கு வழியில் கிடைத்த பலகாரம். கசப்புச் சரக்கு வேப்பங்கொட்டையில்தான் அதிகம், இலையில் குறைவு, அதனால் எண்ணெய்க்குக் கொஞ்சம் பலன் உண்டுதான். ஆனால் வேப்பிலையையே மென்று பழகினதை எண்ணெய் வாசனை காட்டி முழுக்க விரட்டிவிடலாம் என்று நம்பாதீர்கள். சிறிய வண்டுக்கும், கொழுந்தில் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினிக்கும் அடிக்கலாம். லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில துளி, சாயங்காலம், இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி. மழை பெய்தால் திரும்ப அடிக்க வேண்டும். கொட்டை கிடைத்தால் எண்ணெயைவிட அதுவே மேல்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பிழிந்து வடிகட்டி அன்றைக்கே அடித்துவிடுங்கள்.

அந்த வேப்பமரத்தையே பொறியாக்கலாம். இரண்டு கிளை ஒடித்து ரோஜாவுக்குத் தள்ளி மண்ணில் நட்டுவையுங்கள், ராத்திரி வந்து மொய்க்கும், உலுக்கிப் பொறுக்க வேண்டியதுதான்.

திருவாரூர்: மாடித்தோட்டம். தொட்டி ரோஜாவில் இலையில் ஓட்டையே இல்லை, தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது. இழுத்தால் கையோடு வந்துவிடும் போலிருக்கிறது.

இது மேலே தின்கிற வேலை இல்லை, கீழே வேர் போகிறது. சாக்கை விரித்து அந்தத் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, உடம்பை வளைத்துக்கொண்டு படுத்திருக்கும் புழு கிடைத்தால் அதுதான் வேர்ப்புழு. மண்ணை உதிர்த்து எல்லாவற்றையும் பொறுக்குங்கள், கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். செடியின் மேல்பாகத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புது மண்ணில் வைத்து ஒரு வாரம் நிழலில் விடுங்கள். வெள்ளை வேர் கொஞ்சம் மிச்சமிருந்தால் பிழைக்கும்.

மாடிக்கு எப்படி ஏறியது என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலும் நீங்கள் மூட்டையில் வாங்கின எருவோடுதான். சரியாக மக்காத எருவில் முட்டையும் குஞ்சுப் புழுவும் கலந்து வரும். வெயிலில் பரப்பிக் கிளறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பட்டுக்கோட்டை: எங்கள் எருக்குழியில் கட்டைவிரல் பருமனுக்குப் புழு கிடக்கிறது. அதை ரோஜாவுக்குப் போடலாமா?

தென்னை இருக்கிற ஊர், அது அநேகமாகக் காண்டாமிருக வண்டின் புழு. மக்கினதைத்தான் தின்னும், ரோஜா வேரைத் தொடாது. ஆனால் வண்டாகி வெளியே வந்தால் உங்கள் தென்னங்குருத்தைக் குடையும், அதனால் எடுத்துவிடுவதே நல்லது. சந்தேகம் இருந்தால் புழுவைத் தரையில் விட்டுப் பாருங்கள். முதுகைத் தரையில் வைத்து மல்லாந்தபடியே நகர்ந்து போனால் அது பூவண்டின் புழு, எருவை மக்கவைக்கிற ஆள், விட்டுவிடலாம். முதல்முறை பார்ப்பவர்கள் புழுவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

குழிக்கு, புழுவைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணப் பொடி வாங்கிக் கலந்துவிடுங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு போதும். அதே எருவை ரோஜாவடியில் போட்டால் வேர்ப்புழுவுக்கும் வேலை செய்யும். ஒரே நிபந்தனை ஈரம். நம் களிமண் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது போட்டால் காசுதான் வீண். மழைக்குப் பிறகு போட்டு மேலே வைக்கோல் மூடாக்கு போடுங்கள், கூடவே பூஞ்சைக்கொல்லி ஊற்றாதீர்கள்.

வேதாரண்யம்: கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டு பட்டப்பகலில் இதழைத் தின்கிறது. கையால் எடுத்துப் போட்டேன், விரலில் கொப்புளம்.

அதன் பெயரே கொப்புள வண்டுதான். நசுக்கினால் வரும் நீர் தோலைச் சுட்டுவிடும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். விரலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். அடுத்த முறை கையுறை, இல்லாவிட்டால் பாலிதீன் பை, குழந்தைகளை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. உளுந்து, பயறு, வெண்டை, செம்பருத்தி பூக்கிற இடத்திலிருந்து வரும். காலையில் மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுங்கள். இதன் புழு வெட்டுக்கிளி முட்டையைத் தின்பது என்பதால் வயல்காரர்களுக்கு இதன்மேல் பாதிக் கோபம்தான்.

மயிலாடுதுறை: இலை ஓரத்தில் காம்பஸ் வைத்து வெட்டின மாதிரி அரைவட்டம். எந்த வண்டு?

வண்டே இல்லை, இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட எடுத்துப்போகிறது. விட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர்: ரோஜா வண்டுப் பொறி என்று ஆன்லைனில் வாங்கி மாட்டினேன். ஒன்றுகூட விழவில்லை.

விழாது. அது ஜப்பான் வண்டுக்கான கவர்ச்சிப் பொருள். 1916இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முதலில் தென்பட்டு, அங்கே ரோஜாவையெல்லாம் மொட்டையடிக்கிற வண்டு அது, நம் ஊரில் இல்லை. ரோஜா வண்டு என்று தேடினால் வரும் வீடியோவில் பாதி அதைப் பற்றியதுதான், அதில் சொல்லும் பால்நோய்ப் பொடியும் அந்த வண்டின் புழுவுக்கானது. நமக்கு விளக்குப் பொறி போதும். ஒரு பல்பு, கீழே சோப்புத் தண்ணீர் நிறைந்த பேசின், இரவு ஏழிலிருந்து ஒன்பதுவரை. ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்தால் விருந்துக்கு அழைத்த கதையாகிவிடும், தள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், விடியவிடிய எரியவிட்டால் நல்ல பூச்சியும் சாகும்.

பாபநாசம்: கடையில் பழைய குருணை மருந்து இருக்கிறது, வேருக்குப் போடு என்கிறார்கள்.

போரேட் குருணையாக இருந்தால் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் தடை. தடை வராத மற்றக் குருணையும் வீட்டுக்குள் வேண்டாம். அந்தப் பூவைத்தான் தலையில் வைக்கிறோம், சாமிக்குப் போடுகிறோம், குழந்தை இதழைப் பிய்த்து வாயில் போடும்.

வலங்கைமான்: சிவப்பில் கறுப்புப் புள்ளி வண்டு, பக்கத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி நடுவே பஞ்சு ஒட்டின மாதிரி பெரிய புழு. இரண்டுக்கும் சேர்த்து என்ன அடிக்கலாம்?

இரண்டையும் தொடாதீர்கள். புள்ளி போட்டது பொறிவண்டு, அசுவினியைத் தின்கிறது. அந்தப் பஞ்சுப் புழு வேகமாக நடந்தால் அதுவும் ஒரு பொறிவண்டின் குஞ்சுதான், மாவுப்பூச்சி வேடத்தில் மாவுப்பூச்சியையே தின்னும்.

திருவையாறு: மண்ணைக் கிளறிவிடுவது எந்த மாதம் நல்லது?

செம்பழுப்பு வண்டு வைகாசியில் முட்டையிட்டால் ஐப்பசி வாக்கில்வரை புழு வேரைத் தின்றுகொண்டிருக்கும், அப்புறம் கூட்டுப்புழு, பிறகு வண்டாகி அடுத்த கோடை மழைவரை தூக்கம். வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். ஆடி ஆவணியில் செடியைச் சுற்றி வேர் அறாமல் கொத்திவிடுங்கள், மைனாவும் காக்காயும் பின்னாலேயே வரும். கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்ததும் இன்னொரு தடவை. பங்குனியில் மறுபடி கொத்தினால் தூங்குகிற வண்டு வெயிலுக்கு வெளியே வந்துவிடும்.