விம், நானோ விசைப்பலகைத் தொல்லைகள்: கேள்வி பதில்

போர்ட் லூயிஸ் வாசகர்: ரீயூனியனில் இருக்கும் அக்கா தந்த லேப்டாப். விசைகள் அஸெர்ட்டி, அதாவது பிரெஞ்சு வரிசை. டெபியன் லினக்ஸ் போடும்போது அமெரிக்க விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்துவிட்டேன். கன்சோலில், அதாவது டெஸ்க்டாப் இல்லாத கட்டளைத் திரையில், விம் என்ற எடிட்டரைத் திறந்தால் வெளியே வர முடியவில்லை, ஐயா.

பதில்: எஸ்கேப் அழுத்துங்கள். ஷிஃப்டோடு எம் பொறித்த விசை, அது முக்காற்புள்ளி தரும். அடுத்து ஏ பொறித்த விசை, அதுதான் இப்போது க்யூ. பிறகு ஷிஃப்டோடு மேல்வரிசை ஒன்று, ஆச்சரியக்குறி. என்டர் தட்டினால் சேமிக்காமல் மூடும்.

அமைப்பை மாற்றும் முன் பாஸ்வேர்டைக் கவனியுங்கள். அமெரிக்க அமைப்பில் தட்டி வைத்தது அது. பிரெஞ்சுக்கு மாறியதும் அதே விசைகள் வேறு எழுத்துகளைத் தரும், லாகின் நடக்காது. அதனால் முதலில் பாஸ்‌டபிள்யூடி கட்டளையில் தற்காலிகமாக வேறொன்று வையுங்கள். கட்டளையைத் தட்டும்போது ஏ-வுக்கு க்யூ பொறித்த விசை, டபிள்யூவுக்கு இஸட் பொறித்த விசை. ஏ, க்யூ, இஸட், டபிள்யூ, எம், எண்கள், குறிகள் எதுவும் அதில் வேண்டாம். மற்ற எழுத்துகள் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. பிறகு சூடோ லோட்கீஸ் எஃப்ஆர். அதிலும் ஏ-வுக்கு க்யூ பொறித்த விசையைத் தட்ட வேண்டும். கோப்பு இல்லை என்று வந்தால் முதலில் கன்சோல்-டேட்டா பொதியை நிறுவ வேண்டும். இந்த மாற்றம் ரீபூட் வரைக்கும்தான். நிரந்தரமாக்க, சூடோவோடு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கீபோர்டு-கான்ஃபிகரேஷன். டெஸ்க்டாப் டெர்மினலில் லோட்கீஸ் பலிக்காது, செட்டிங்ஸில் பிரெஞ்சைச் சேருங்கள்.

ரோஸ் ஹில் வாசகர்: பழைய விம்மில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். அப்படியே உறைந்துவிட்டது.

பதில்: கண்ட்ரோல்-க்யூ. டெர்மினல் திரைக்கு எழுதுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறது. நீங்கள் பதறித் தட்டியதெல்லாம் வரிசையில் காத்திருந்து, விடுவித்ததும் ஒவ்வொன்றாக நிறைவேறும். எனவே கையை எடுத்துவிடுங்கள். ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் எஸ்டிடிஒய் -இக்ஸான் சேர்த்தால் இனி வராது.

கியூர்பீப் வாசகர்: உபுண்டுவில் அம்பு விசை அழுத்தினால் ஏ, பி, சி, டி விழுகிறது.

பதில்: உங்களிடம் இருப்பது விம்மின் சுருக்கப் பதிப்பான விம்-டைனி, விம்முக்கு முந்தைய விஐ எடிட்டர் போல நடக்கும். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்.

வாகோவா வாசகர்: எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினிக்குள் போனால் பேக்ஸ்பேஸ் அழிப்பதில்லை.

பதில்: ஷெல்லில் கண்ட்ரோல்-வி, உடனே பேக்ஸ்பேஸ். கூரைக்குறியோடு கேள்விக்குறி வந்தால் விசை 127 என்ற குறியெண்ணை அனுப்புகிறது; கூரைக்குறியோடு ஹெச் வந்தால் 8. சர்வர் மற்றதை எதிர்பார்க்கிறது, அவ்வளவுதான் கோளாறு. எஸ்டிடிஒய் இரேஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு, மறுபடி கண்ட்ரோல்-வி, பேக்ஸ்பேஸ், என்டர். விம்முக்குள் மட்டும் பழைய எழுத்து அழியவில்லை என்றால் அது வேறு: விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் செட் பேக்ஸ்பேஸ்=2.

அதே வாசகர்: தமிழ்99 விசைப்பலகையில் எழுதிவிட்டு எஸ்கேப் அழுத்தினால் கட்டளைகள் ஓடுவதில்லையே?

பதில்: ஜே அழுத்தினால் விம்முக்கு ‘ப’ போகிறது, அதற்கு என்ன செய்வதென்று தெரியாது. எஸ்கேப்புக்கு முன்பே சூப்பர்-ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு வந்துவிடுங்கள். தமிழில் நிறைய எழுதுபவருக்கு, இப்படிக் கட்டளை முறை இல்லாத எளிய எடிட்டரான நானோவே சௌகரியம் என்பேன்.